நாலாவது படிக்கிற பையனுக்கு ராபர்ட் லீ வேஷம் வந்திருக்கிறது, என்ன சொல்லிக் கொடுப்பது?

ரிச்மண்ட்அம்மா (திங்கள், இரவு 10.12)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வெர்ஜீனியாவில், ரிச்மண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பையன் நாலாவது. இந்த மாநிலத்தில் நாலாவதில் சமூகப் பாடம் என்றால் வெர்ஜீனியா வரலாறுதான். ஜேம்ஸ்டவுனில் ஆரம்பித்து இப்போது அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வந்துவிட்டார்கள். பாடம் முடிகிற வாரம் மெழுகுச் சிலைக் கண்காட்சி என்று ஒன்று வைக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைவர் வேஷம் கட்டிக்கொண்டு ஜிம்மில் அசையாமல் நிற்க வேண்டும். காலடியில் சிவப்பு அட்டையில் வட்டமாக ஒரு பொத்தான் வெட்டி ஒட்டியிருக்கும். அதை யாராவது மிதித்தால் சிலைக்கு உயிர் வந்து, "நான்தான் இன்னார்" என்று ஒரு நிமிஷம் பேசிவிட்டு மறுபடி சிலையாகிவிடும். நம் ஊர் மாறுவேடப் போட்டிதான், மைக் மட்டும் இல்லை.

யாருக்கு யார் என்று சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கிறார்கள். லிங்கன், கிராண்ட், ஜெபர்சன் டேவிஸ், ஸ்டோன்வால் ஜாக்சன், பிரெடரிக் டக்ளஸ், ஹாரியட் டப்மன், கிளாரா பார்ட்டன் என்று ஒரு டப்பா நிறையப் பெயர்கள். என் பையன் கைக்கு வந்தது ராபர்ட் ஈ. லீ, தெற்குப் படையின் தளபதி.

வீட்டுக்கு வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, லீ நல்லவரா கெட்டவரா?" நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரெண்டும்தான் கண்ணா என்று சமாளித்தேன். "அப்போ 'நான்'னு ஆரம்பிச்சு என்ன பேசுறது?" என்றான். அதற்கே பதில் இல்லை, அதற்குள் அடுத்தது. அவனுக்குப் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு ஹாரியட் டப்மன் வந்திருக்கிறது, அடிமையாக இருந்து தப்பி, மற்ற அடிமைகளையும் மீட்டுக்கொண்டு வந்தவர். கறுப்பினப் பிள்ளை, ரெண்டாவதிலிருந்து இவனுக்கு உயிர்த் தோழி. "நான் லீ ஆயிட்டா அவ என்கூட சாப்பிட உக்காருவாளா?"

பள்ளியில் கொடுத்த தாளில் பிறந்த தேதி, இறந்த தேதி, மூன்று நல்ல குணங்கள், ஒரு பொன்மொழி என்று கோடு போட்டிருக்கிறது. இந்தப் போரைப் பற்றி எனக்குத் தெரிந்தது வடக்கு, தெற்கு, லிங்கன், அடிமைகள் விடுதலை, அவ்வளவுதான். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒட்டுத்தாடி வாங்கிவிட்டேன். மற்றதுக்கு வழி சொல்லுங்கள்.

டெக்சாஸ்மாமா (திங்கள், இரவு 10.40)

சிஸ்டர், தாடி வாங்கியாச்சு இல்லையா, பாதி வேலை முடிந்தது. சாம்பல் நிறக் கோட்டு ஒன்று, பித்தளைப் பொத்தான் நாலு, அவ்வளவுதான். ஒன்பது வயசுப் பையனுக்கு இதில் போய் அரசியல் எதற்கு? லீ பெரிய தளபதி, ஜென்டில்மேன், அடிமைமுறையே பிடிக்காதவர் என்றுதான் நான் படித்திருக்கிறேன். போர் மாநில உரிமைக்காக நடந்தது. இதையே எழுதிக் கொடுங்கள், மார்க் வந்துவிடும்.

பழையவாத்தியார் (செவ்வாய், காலை 6.05)

அம்மா, நான் திருநெல்வேலிப் பக்கம் முப்பது வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த ஊர்ப் பாடம் எனக்குப் புதுசு. ஆனால் பையனின் கேள்வி பழசு.

எங்கள் பள்ளியில் ஆண்டு விழா என்றால் கட்டபொம்மன் நாடகம் கட்டாயம் உண்டு. கட்டபொம்மனுக்கு இருபது பேர் கை தூக்குவார்கள். எட்டப்பன் என்றால் ஒருத்தனும் வர மாட்டான். ஒரு வருஷம் ஒரு பையன் தானாக வந்தான். "சார், அவரு ஏன் அப்படிப் பண்ணாருன்னு சொன்னீங்கன்னா நடிக்கிறேன்" என்றான். அதுவரை நான் அந்தக் கேள்வியை யோசித்ததே இல்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் நூலகத்தில் கிடந்தேன்.

உங்கள் மகனிடமும் நல்லவரா கெட்டவரா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் என்ன செய்தார், ஏன் செய்தார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர்கள் இங்கே வருவார்கள். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

சாக்பீஸ்தூள் (செவ்வாய், இரவு 8.55)

நான் மேரிலாண்டில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பதினோரு வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக்சாஸ்மாமா சொன்னதற்கு. மாநில உரிமை என்றால் எதைச் செய்வதற்கான உரிமை என்று அடுத்த கேள்வி வரும். நாட்டைவிட்டுப் பிரிந்து போன தெற்கு மாநிலங்கள் தாங்களே எழுதி வைத்திருக்கின்றன. 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கையின் ஆரம்பத்திலேயே, எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று வருகிறது. அதே வருஷம் மார்ச்சில் தெற்கின் துணை அதிபர் அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் சவானாவில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் புது அரசின் மூலைக்கல் என்றார். நாம் வாயில் சொல் வைக்க வேண்டியதே இல்லை.

லீயும் அடிமைமுறையும். 1856இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அடிமைமுறை ஒரு தீமை என்று எழுதியது உண்மை. எல்லாரும் அந்த வரியோடு கடிதத்தை மடித்துவிடுகிறார்கள். அடுத்த வரிகளில், இது கறுப்பரைவிட வெள்ளையருக்குத்தான் பெரிய தீமை, ஆப்பிரிக்காவில் இருப்பதைவிட அவர்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறார்கள், இந்தக் கஷ்டம் அவர்களுக்குப் பாடம் என்கிறார். மறு வருஷம் மாமனார் இறந்தார். தன் அடிமைகளை ஐந்து வருஷத்துக்குள் விடுதலை செய்ய வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். ஆர்லிங்டனிலும் மற்ற தோட்டங்களிலும் சுமார் 200 பேர். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு லீயிடம். கடன் அடைக்க வேண்டும் என்று கடைசி வரை வேலை வாங்கினார், கெடுவை நீட்டச் சொல்லிக் கோர்ட்டுக்கும் போனார். 1859இல் வெஸ்லி நாரிஸ் என்பவரும் அவர் தங்கையும் இன்னொரு உறவினரும் வடக்கே ஓடினார்கள். எங்கள் மேரிலாண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் பிடிபட்டார்கள். லீ நின்று பார்க்கச் சவுக்கடி விழுந்தது என்று போர் முடிந்தபின், 1866இல், நாரிஸே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். விடுதலைப் பத்திரத்தில் லீ கையெழுத்துப் போட்டது 1862 டிசம்பர் 29.

இதை எல்லாம் ஒன்பது வயசில் சொல்லலாமா? அளவாகச் சொல்லலாம். "தப்பி ஓடினவங்களைப் பிடிச்சு அடிச்சாங்க" என்பது அவர்களுக்குப் புரிகிற வாக்கியம்தான். காயத்தை வர்ணிக்க வேண்டாம்.

சரி, வேஷத்துக்கு வருகிறேன். நான் வகுப்பில் ஒரு தலைவரின் வாழ்க்கை முழுவதையும் எடுப்பதில்லை. ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வேன். லீக்கு அது 1861 ஏப்ரல் 18. வாஷிங்டனில் பிரான்சிஸ் பிளேர் என்பவர் அவரைக் கூப்பிட்டு, அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கச் சொல்கிறார். லிங்கனின் சம்மதத்தோடு வந்த அழைப்பு. லீ அந்தப் படையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஒரு கரும்புள்ளி இல்லாமல் இரண்டாவது ரேங்கில் வந்தவர். அவருடைய வெர்ஜீனியா முதல் நாள்தான் பிரிந்து போவதாக முடிவெடுத்திருக்கிறது. ஆர்லிங்டன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். 20ஆம் தேதி ராஜினாமா.

இங்கே பிள்ளைகளிடம் நிறுத்திக் கேட்பேன், அவருக்கு வேறு வழி இருந்ததா? பாதிப் பேர் இல்லை என்பார்கள், "அவர் ஊர் ஆச்சே". அப்போது இரண்டு படங்களைப் போர்டில் ஒட்டுவேன். ஒன்று வின்பீல்ட் ஸ்காட். அப்போது அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி, அவரும் வெர்ஜீனியாக்காரர்தான், நாட்டோடேயே நின்றார். இன்னொன்று ஜார்ஜ் தாமஸ், அவரும் வெர்ஜீனியா. வடக்கோடு நின்றதால் அவர் தங்கைகள் வீட்டிலிருந்த அவர் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். இதைச் சொல்லும்போது தாமஸ் படத்தை நானும் திருப்பி ஒட்டுவேன். வகுப்பே அமைதியாகிவிடும். அப்புறம் யாரும் "அவருக்கு வேறு வழியே இல்லை" என்று எழுதுவதில்லை.

மூன்று நல்ல குணங்கள் என்று தாளில் இருந்தால் டீச்சரிடம் பேசிப் பாருங்கள். 'நல்ல' என்பதை அடித்துவிட்டுத் திறமைகள் என்று போட்டால் எல்லாத் தலைவருக்கும் பொருந்தும். குறைந்த படையை வைத்துக்கொண்டு பெரிய படையைத் திணறடிக்கத் தெரிந்தவர் லீ, அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, எந்தப் பிள்ளையையும் அடிமை மாதிரி நடிக்கச் சொல்வதும் ஏலம் விடுகிற மாதிரி விளையாட்டும் கூடவே கூடாது. எங்கேயாவது அப்படி நடந்தால் உடனே தலைமையாசிரியரிடம் போங்கள். டப்மன் வேஷம் வேறு, அது தலைவர் வேஷம்.

ரிச்மண்ட்அம்மா (செவ்வாய், இரவு 11.20)

அக்கா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். ஜார்ஜ் தாமஸ் பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

இங்கே மான்யுமென்ட் அவென்யூவில் லீ குதிரை மேல் உட்கார்ந்திருந்த சிலையை 2021 செப்டம்பரில் எடுத்தார்கள். பையனுக்கு அப்போது ரொம்பச் சின்ன வயசு. இப்போது அந்த வட்டத்தைச் சுற்றிப் போகும்போதெல்லாம், "இங்கதான் நான் இருந்தேனா?" என்கிறான். அவன் லீயாகவே பேச ஆரம்பித்துவிட்டான்!

நெல்லைவெர்ஜீனியா (புதன், காலை 7.30)

அந்தச் சிலையை 1890இல் வைத்தார்கள், லீ இறந்து இருபது வருஷம் கழித்து. அவரே 1869இல் ஒரு கடிதத்தில், போரின் புண்களைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்று நினைவுச் சின்னங்களுக்கு எதிராக எழுதியிருக்கிறார். பையன் பொன்மொழி என்கிற கோட்டில் இதை எழுதலாமே.

நான் இந்த மாநிலத்துக்கு 1990களில் வந்தேன். அப்போது ஜனவரியில் ஒரு விடுமுறை உண்டு. தெற்குத் தளபதிகள் லீ, ஜாக்சன், அவர்களோடு கிங், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நாள்! ஆமாம், மார்ட்டின் லூதர் கிங்தான். காலண்டரில் பார்த்து அச்சுப் பிழை என்றே நினைத்தேன். 2000இல்தான் பிரித்தார்கள். லீ, ஜாக்சன் நாளை 2020இல் எடுத்துவிட்டுத் தேர்தல் நாளை விடுமுறை ஆக்கினார்கள். இங்கே வரலாறு காலண்டரில்தான் மாறும்.

டெக்சாஸ்மாமா (புதன், காலை 9.02)

சாக்பீஸ் மேடம், கடிதத்தின் மீதி வரிகள் எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. லீயை இப்படிக் கிழித்துத் தொங்கவிட்டால் லிங்கனையும் அப்படியே செய்ய வேண்டாமா? விடுதலைப் பிரகடனம் தெற்கில் மட்டும்தான். வடக்கோடு நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாண்ட், டெலவேர் அடிமைகளைத் தொடவே இல்லை. உங்கள் மேரிலாண்டுதான்!

சாக்பீஸ்தூள் (புதன், மாலை 5.15)

தொடவில்லை என்பது சரிதான். 1863 ஜனவரி 1 பிரகடனம், கலகத்தில் இருந்த இடங்களுக்கு மட்டும். மேரிலாண்ட் 1864இல் தன் அரசியல் சட்டத்தை மாற்றிக்கொண்டது. நாடு முழுவதற்கும் என்றால் 1865 டிசம்பரில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம். இதை என் வகுப்பில் வரைபடத்தில் வண்ணம் தீட்டித்தான் நடத்துகிறேன். "லிங்கன் ஒரு கையெழுத்துப் போட்டார், எல்லாரும் சுதந்திரம் ஆனார்கள்" என்று யாராவது எழுதினால் கேள்விக்குறி போடுவேன்.

அதே பிரகடனத்தில் இன்னொரு வரி பிள்ளைகளுக்கு முக்கியம். கறுப்பர்கள் படையில் சேரலாம் என்றது அது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் 1863இல் வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனிடமே கேட்டார். சமச் சம்பளம் 1864இல் வந்தது. இந்தக் கணக்கைப் போர்டில் எழுதினால் போதும், பிள்ளைகள் கொதித்துவிடுவார்கள். சம்பளம் அவர்களுக்குப் புரிகிறது, ஏனென்றால் வீட்டில் தம்பிக்கு ஒரு சாக்லேட் கூடப் போனாலே அவர்களுக்கு வழக்குதான்.

மினசோட்டாபனி (புதன், இரவு 7.48)

லிங்கனைப் பற்றி எங்கள் ஊரில் இன்னொன்றும் சொல்வார்கள். 1862 டிசம்பர் 26, மங்காட்டோ. டகோட்டா பூர்வகுடி மக்கள் 38 பேரை ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். 300க்கு மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள், லிங்கன் பட்டியலைப் பார்த்துக் குறைத்தார், 38 பேருக்கு ஒப்புதல் கொடுத்தார். பாதிக்கு மேல் காப்பாற்றினார் என்றும் சொல்லலாம், கையெழுத்துப் போட்டார் என்றும் சொல்லலாம். என் பெண்ணுக்கு இதை எப்போது சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் சொல்லவில்லை.

சாக்பீஸ்தூள் (புதன், இரவு 9.10)

அவள் டகோட்டாப் பிள்ளைகளோடு படிக்கிறாள் என்றால் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் நாலாவதில் சொல்வதில்லை, அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

லிங்கன்வீட்டுஅப்பா (வியாழன், காலை 8.21)

கனமாகப் போகிறது, கொஞ்சம் தாடிக்கு வருவோம். போன வருஷம் என் பெண் லிங்கன். பசை ஒட்டின தாடி பாதியில் கழன்று விழுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே கெட்டிஸ்பர்க் உரையைச் சொன்னாள். (ரிச்மண்ட் சிஸ்டர், காதில் மாட்டுகிற எலாஸ்டிக் தாடி வாங்கினீர்களா? பசை வேண்டாம்.)

அவளுக்கு லிங்கனைப் பிடித்துப்போனதே தாடிக் கதையால்தான். 1860இல் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்பீல்ட் என்ற ஊரிலிருந்து கிரேஸ் பெடல் என்ற 11 வயசுப் பெண் லிங்கனுக்குக் கடிதம் போட்டாள். உங்கள் முகம் ரொம்ப ஒல்லி, தாடி வளர்த்தால் நன்றாக இருக்கும், பெண்களுக்குத் தாடி பிடிக்கும், வீட்டுக்காரர்களை நச்சரித்து உங்களுக்கு ஓட்டுப் போட வைப்பார்கள் என்று. பெண்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது, அதையும் சேர்த்துச் சொன்னால் ஒரு பாடம் முடிந்தது. லிங்கன் நாலே நாளில் பதில் எழுதினார், எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. ஆனால் 1861 பிப்ரவரியில் பதவியேற்கப் போகிற வழியில் ரயில் வெஸ்ட்பீல்டில் நின்றபோது தாடியோடு இறங்கி அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

என் பெண் இதைக் கேட்டுவிட்டு எங்கள் ஊர் மேயருக்கு ஒரு கடிதம் எழுதினாள், விளையாட்டுப் பூங்காவில் ஊஞ்சல் உடைந்திருக்கிறது என்று. பதில் வரவில்லை, ஊஞ்சல் வந்தது.

ரொறன்ரோஅப்பா (வியாழன், மாலை 6.33)

நான் யாழ்ப்பாணம். எங்கட மகளும் அதே வயசு. பள்ளிக்கூடத்தில் அல்ல, வீட்டில் அம்மம்மாவின் அல்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கேட்டாள், அப்பா, எங்கட சண்டையில் ஆர் நல்லவர் என்று. நான் வேறு கதைக்குப் போய்விட்டேன். உங்கட போர் முடிந்து 160 வருஷம், அதனால் அந்தப் பிள்ளைகள் வேஷம் போட்டுக் கதைக்கலாம். எங்களுக்கு அந்தத் தூரம் இல்லை. ஆனால் 'ஒரு முடிவை மட்டும் எடுத்துக் கதையுங்கோ' என்று டீச்சர் எழுதியதைக் குறித்து வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

பழையவாத்தியார் (வியாழன், இரவு 8.00)

தம்பி, அவசரமில்லை. மறுபடியும் கேட்பாள்.

கடல்காகம் (வெள்ளி, மதியம் 1.45)

தென் கரோலினாவிலிருந்து எழுதுகிறேன். அந்த டப்பாவில் ராபர்ட் ஸ்மால்ஸ் பெயர் இல்லையா? அநியாயம். பிள்ளைகளுக்கு இந்தப் போரில் ஒரே ஒரு கதைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

1862 மே 13, விடிவதற்கு முன்னால், சார்ல்ஸ்டன் துறைமுகம். பிளான்டர் என்று தெற்குப் படையின் கப்பல் ஒன்று. அதில் சுக்கான் பிடிக்கிறவர் ஸ்மால்ஸ், வயசு 23, அடிமை. வெள்ளை அதிகாரிகள் மூன்று பேரும் ராத்திரி கரையில் தங்கப் போய்விட்டார்கள். ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார், கேப்டன் நிற்கிற மாதிரியே நிற்கிறார். வழியில் இன்னொரு துறையில் ஒதுங்கி மனைவியையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொள்கிறார். மொத்தம் 16 பேர். ஒவ்வொரு கோட்டையாகத் தாண்டணும். ஒவ்வொன்றுக்கும் ஊதல் சைகை உண்டு, அது அவருக்குத் தெரியும். கடைசி, சம்டர் கோட்டை. ஊதுகிறார். மேலே நிற்கிற காவலாள் அரையிருட்டில் தொப்பியைப் பார்க்கிறான், ஆளைப் பார்க்கவில்லை. போ என்கிறான். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் தெற்குக் கொடியை இறக்கிவிட்டு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றுகிறார்கள், எதிரே வடக்குக் கப்பல்கள் சுட்டுவிடக் கூடாதே.

போருக்கப்புறம் பியூபோர்ட்டில் தன் எஜமானுடைய பழைய வீட்டையே வாங்கினார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். தலைவர் என்றால் குதிரையும் தாடியும்தான் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தொப்பியைக் காட்டுங்கள்.

சாக்பீஸ்தூள் (வெள்ளி, மாலை 4.30)

தொப்பி! நான் வகுப்பில் ஒரு வைக்கோல் தொப்பியே வாங்கி வைத்திருக்கிறேன்.

ரிச்மண்ட், ஒரு எச்சரிக்கை. பையன் இணையத்தில் தேடி எழுதினால் பக்கத்தில் உட்காருங்கள். 2010இல் உங்கள் மாநிலத்தில் நாலாம் வகுப்புப் புத்தகத்திலேயே, தெற்குக்காக ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் போரிட்டார்கள், ஸ்டோன்வால் ஜாக்சனுக்குக் கீழே இரண்டு பட்டாலியன் இருந்தது என்று அச்சாகியிருந்தது. அது தவறு, எழுதியவர் இணையத்தில் எடுத்தது. ஒரு வரலாற்றுப் பேராசிரியர் தன் மகளின் புத்தகத்தைப் புரட்டும்போது பார்த்ததால்தான் வெளியே வந்தது. டப்மன் வேஷம் போடுகிற பிள்ளைக்கும் சொல்லுங்கள். 19 தடவை போய் 300 பேரை மீட்டார் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இப்போது ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 தடவை, 70 பேர். எண்ணிக்கை குறைந்தால் பெருமை குறைந்துவிடாது. பிடிபட்டால் தலை போகும் என்று தெரிந்து பதின்மூன்று தடவை போவதென்றால் என்ன! அதற்கு மேல் 1863 ஜூனில் கம்பாஹி ஆற்றில் ராணுவப் படகுகளுக்கு வழிகாட்டி ஒரே இரவில் 700 பேருக்கு மேல் மீட்டது வேறு இருக்கிறது. அதைப் பேசச் சொல்லுங்கள்.

ரிச்மண்ட்அம்மா (அடுத்த ஞாயிறு, இரவு 9.15)

நேற்று அப்போமேட்டக்ஸ் போய்வந்தோம். இங்கிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1865 ஏப்ரல் 9 லீ சரணடைந்த மெக்லீன் வீடு. இப்போது நிற்பது திரும்பக் கட்டியது, பழைய வீட்டை 1893இல் பிரித்துவிட்டார்களாம். முன்னறையில் ரெண்டு மேஜை. ஒன்று லீக்கு, ஒன்று வடக்குத் தளபதி கிராண்டுக்கு. லீ புது உடுப்பு, வாள் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார், கிராண்ட் சேறு தெறித்த சிப்பாய்ச் சட்டையோடு வந்தார் என்று சொன்னதும் பையன், "ஜெயிச்சவர்தான் அழுக்கா?" என்றான். நிபந்தனைகளைப் படியெடுத்து எழுதியது கிராண்டின் உதவியாளர் ஈலி பார்க்கர், செனகா பூர்வகுடியைச் சேர்ந்தவர். சிப்பாய்கள் சொந்தக் குதிரைகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், உழவுக்கு வேண்டும் என்று கிராண்ட் விட்டுக்கொடுத்தார். பசியாக இருந்தவர்களுக்கு 25,000 பேருக்கான ரேஷன் அனுப்பினார். பையன் இதை ரெண்டு தடவை கேட்டான். சண்டை போட்டவர்களுக்கே சாப்பாடா என்று.

அவனை நிறுத்திவைத்தது வேறொன்று. அந்த வீட்டுச் சின்னப் பெண் லூலா தன் துணிப் பொம்மையை அந்த அறையில் விட்டிருந்தாள். கையெழுத்து முடிந்ததும் வடக்கு அதிகாரிகள் நினைவுப் பொருள் என்று மேஜை நாற்காலியை எல்லாம் எடுத்தார்கள், பொம்மையும் போய்விட்டது. இப்போது அது அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. முகமே தேய்ந்துபோன பொம்மை. கண்ணாடியில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். "அவகிட்ட யாரும் கேக்கலையா?" என்றான்.

டீச்சரிடமும் பேசினேன். நான் பயந்த மாதிரி இல்லை, உடனே ஒத்துக்கொண்டார். 'நல்ல' என்பதை எல்லாத் தாளிலும் அடித்துவிட்டார்கள். 'நான்' என்று பேச விருப்பமில்லாதவர்கள் வழிகாட்டி மாதிரி படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசலாம் என்றார். பையன், "இல்ல, நான் லீயாவே பேசுறேன், எனக்குச் சொல்ல இருக்கு" என்கிறான்.

ரிச்மண்ட்அம்மா (இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.50)

இன்றைக்குக் கண்காட்சி முடிந்தது. கேட்டிருந்தவர்களுக்காக அவன் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"நான் ராபர்ட் ஈ. லீ. 1807இல் வெர்ஜீனியாவில் பிறந்தேன். ஏப்ரல் 1861இல் எனக்கு ரெண்டு வழி இருந்தது. என் நாட்டுப் படைக்குத் தலைமை தாங்கு என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். என்னை மாதிரியே வெர்ஜீனியாவில் பிறந்த ஜார்ஜ் தாமஸ் நாட்டோடு நின்றார். நான் தெற்கோடு போனேன், தெற்கு அடிமைமுறைக்காகச் சண்டை போட்டது. எனக்குப் போர் நன்றாகத் தெரியும், அதனால் போர் சீக்கிரம் முடியவில்லை. என் வீட்டில் வெஸ்லி நாரிஸ் என்பவர் இருந்தார். அவர் சுதந்திரமாக இருக்க ஆசைப்பட்டார். நான் விடவில்லை. என் வீட்டைச் சுற்றியிருந்த நிலம் இப்போது ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டம். போருக்கு நினைவுச் சின்னம் வேண்டாம் என்று எழுதினேன், ஆனால் எனக்கே சிலை வைத்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள்."

கடைசி வரி அவனே சேர்த்தது. ஜிம்மில் எல்லாரையும் பெயர் அகரவரிசைப்படி நிறுத்தியிருந்தார்கள். அவனும் அந்தப் பெண்ணும் டீச்சரிடம் கேட்டுப் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். முதலில் லீ பொத்தானை மிதித்தால் கையோடு ஹாரியட் பொத்தானையும் மிதிக்கும்படி காலடியில் அட்டையில் அம்புக்குறி போட்டிருந்தார்கள், யார் யோசனை என்று கேட்டால் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுகிறார்கள். யாரோ ஒருத்தருடைய தாத்தா, தொப்பி போட்ட பெரியவர், மூன்று தடவை மிதித்துக் கேட்டார். மூன்றாவது தடவை குனிந்து, "அந்த நாரிஸ் விஷயம் உனக்கு யார் சொன்னது?" என்றார். விதிப்படி சிலை பேசக் கூடாது. பையன் கண்ணைக்கூட அசைக்கவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அம்புக்குறி வழியே ஹாரியட்டிடம் போனார்.

தாடி எலாஸ்டிக்தான், கழலவில்லை. சாம்பல் கோட்டு ஒன்று சும்மா கிடக்கிறது, பத்து வயசு அளவு, பித்தளைப் பொத்தான்கூட அப்படியே இருக்கிறது. ரிச்மண்ட் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

மினசோட்டாபனி (வெள்ளி, இரவு 10.05)

என் பெண்ணுக்குக் கிராண்ட் வந்திருக்கிறார். நீலம் இருந்தால் சொல்லுங்கள், சேறு நாங்களே பூசிக்கொள்கிறோம்.